தண்ணீர் வராத குழாய்க்கு 3,000 ரூபாய்: யாரிடம் முறையிடுவது?

8 ஜூன் 2025, காலை

அம்மா வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்து இரண்டு வருடம் தாண்டிவிட்டது. நேற்று நோட்டீஸ் வந்திருக்கிறது. குடிநீர்க் கட்டணம் நிலுவை 2,400, நடப்பு 600, ஆக மொத்தம் 3,000 ரூபாய். பதினைந்து நாளில் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்பார்களாம். எதிர்வீட்டு அத்தை அதை வாங்கிப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஏத்தா, வராத தண்ணிய எப்படித்தா நிப்பாட்டுவாக?" என்றார்.

எங்கள் ஊர் மதுரையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். நகராட்சி. ஊர்ப் பெயர் வேண்டாம், அதே அலுவலகத்தில் நாளைக்கும் நான் போய் நிற்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு நாலைந்து மனுவாவது அடித்துக் கொடுக்கிறேன். சொந்த வீட்டுக்கென்று இதுவரை ஒன்றும் எழுதியதில்லை.

2023 ஏப்ரலில் தெருவில் வாறுகால், அதாவது சாக்கடைக் கால்வாய், கட்டத் தோண்டினார்கள். அன்றோடு குழாய் நின்றது. மேலண்டை வீட்டில் வருகிறது, கீழண்டை வீட்டில் வருகிறது, நடுவில் எங்களுக்கு மட்டும் இல்லை. அம்மா நகராட்சிக் குழாய் பிட்டரிடம் சொன்னார், கவுன்சிலரிடம் சொன்னார். பார்க்கிறோம் என்றார்களே தவிர யாரும் வந்து பார்க்கவில்லை. போன அக்டோபரில் அம்மா தவறிவிட்டார். தம்பி திருப்பூரில் இருக்கிறான். வீடு என் பொறுப்பு.

தெரிந்தவர்கள் பதிவுக்குக் கீழே சொல்லுங்கள்: இந்தப் பில்லை எதிர்த்து யாரிடம் போவது? என் வாதம் இதுதான். தண்ணீர் தராதவர்களுக்குத் தண்ணீர்க் காசும் கிடையாது, வீட்டு வரியும் கிடையாது. தெருவே சேர்ந்து கட்டாமல் நிறுத்தினால்தான் வழி பிறக்கும்.

8 ஜூன், இரவு

மீட்டர் இருக்கிறதா என்று கீழே கேட்டிருக்கிறார்கள். இல்லை. எங்கள் ஊரில் மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம். எங்கள் இணைப்புக்கு 100 ரூபாய். நான்கு நாளைக்கு ஒரு தடவை, அரை மணி நேரம் விடுவார்கள். அழுத்தம் போதாது என்பதால் வாசலில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதற்குள் இறக்கித்தான் குழாய் வைத்திருக்கிறோம். அம்மா அந்தக் குழிக்குள் இறங்கிக் குடத்தை வைத்துவிட்டு, கையை ஊன்றி ஏறுவார்.

11 ஜூன் 2025

முதல் பதிவில் எழுதியதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

கடைக்கு வாடிக்கையாக வரும் வக்கீல் குமாஸ்தா அண்ணன் ஒருவர், "தங்கச்சி, வரி வேற, கட்டணம் வேற. ரெண்டையும் ஒண்ணாப் பிசையாதே" என்றார். உட்கார்ந்து யோசித்தால் அவர் சொன்னது சரி. வீட்டு வரி என்பது எதற்கும் பதிலாக வாங்குவது இல்லை. விளக்கு எரியவில்லை, தெரு கூட்டவில்லை என்று சொல்லி அதை நிறுத்த முடியாது. பொதுச் செலவுக்கு நம் பங்கு அது. கட்டணம் அப்படி இல்லை. ஒரு சேவை தருகிறோம், அதற்கு இவ்வளவு என்று கேட்பதுதான் கட்டணம். சேவை வரவில்லை என்றால் ஏன் என்று கேட்க அங்கே இடம் இருக்கிறது.

அதனால் யாரும் நான் எழுதியதை நம்பி வீட்டு வரியை நிறுத்திவிடாதீர்கள். காலம் தாழ்த்தினால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி ஏறும். நம் நியாயமும் அந்த வட்டியோடு சேர்ந்து கெட்டுப்போகும்.

தண்ணீர்க் கட்டணத்தில் என் வாதம் மாறவில்லை.

19 ஜூன் 2025

இரண்டு நாளாக அம்மாவின் இரும்புப் பெட்டியைக் குடைந்துகொண்டிருக்கிறேன். ரசீதுகளை வருடவாரியாக நூலில் கோத்து வைத்திருக்கிறார். அதைப் பார்த்ததில் இன்னொன்று கிளம்பியது.

2022ல் தமிழ்நாடு முழுக்கச் சொத்து வரியை உயர்த்தினார்களே, நினைவிருக்கும். சென்னையின் பழைய பகுதிக்கு வேறு கணக்கு. நம் பக்கத்து மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லாவற்றுக்கும் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100.

அம்மா வீடு 1,120 சதுர அடி. அரையாண்டுக்கு 840 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தார். 50 சதவீதம் ஏற்றினால் 1,260 வர வேண்டும். ரசீதில் இருப்பது 1,470, அதாவது 210 ரூபாய் கூடுதல். அப்படியென்றால் எங்களை 75 சதவீதத்தில் வைத்திருக்கிறார்கள். கேட்புப் பில்லின் மூலையில் பரப்பளவு 1,264 என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. 144 அடி எங்கிருந்து முளைத்தது?

இரவெல்லாம் இதே நினைப்பு. விடியற்காலையில் பிடிபட்டது. கொல்லையில் ஆட்டுக்கொட்டம். 18 அடிக்கு 8 அடி, சரியாக 144. நான்கு கல்தூண், மேலே தகரம், அவ்வளவுதான். சுவர் கிடையாது. அளக்க வந்த பையனுக்கு அம்மா மோர் கொடுத்ததாகவும், அவன் கொல்லை வரை டேப்பை இழுத்துக்கொண்டு போனதாகவும் அப்போதே போனில் சொன்னார். கடையில் கூட்டம், சரிம்மா சரிம்மா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

20 ஜூன் 2025

"210 ரூபாய்க்கா இவ்வளவு?" என்று கேட்டவருக்கு: ஆமாம். அது ஒரு தடவை கட்டிவிட்டுப் போகிற 210 இல்லை. அரையாண்டுக்கு ஒரு தடவை, இந்த வீடு நிற்கிற வரைக்கும். புது விதிகளில் வரியை ஆண்டுதோறும் உயர்த்த இடம் இருக்கிறது. அடியில் இருக்கிற தொகை தப்பு என்றால் அதன் மேல் ஏறுவதெல்லாம் தப்புதான். இரண்டு ஆட்டுக்குட்டி படுத்துக் கிடந்த இடத்தை வீடு என்று எழுதி வைத்திருப்பதை நான் விட மாட்டேன்.

3 ஜூலை 2025

இன்று போனேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், இதே வழியில் போகப்போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் நான் எல்லாவற்றையும் ஒரே மனுவில் அடித்து வைத்திருந்தேன். குழாய் வரவில்லை, கட்டணம் தப்பு, பரப்பளவு தப்பு என்று மூன்று பக்கம். குமாஸ்தா அண்ணன் படித்துவிட்டு அதை மூன்றாகக் கிழித்தார், நிஜமாகவே ஸ்கேல் வைத்துக் கிழித்தார். குழாய் வரவில்லை என்பது புகார், அது பொறியியல் பிரிவுக்கு. கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்வது ஆணையாளருக்கு. பரப்பளவைத் திருத்தச் சொல்வது வருவாய்ப் பிரிவுக்கு, சீராய்வு மனு. ஒரே தாளில் கொடுத்தால் தாள் ஏதாவது ஒரு மேசையில்தான் தங்கும், மற்ற இரண்டு மேசைக்கும் நாம் எதுவும் கொடுத்ததாகவே இருக்காது.

எத்தனையோ பேருக்கு எல்லாக் குறையையும் ஒரே மனுவில் சேர்த்து நானே அடித்துக் கொடுத்திருக்கிறேன். பேப்பர் செலவு மிச்சம் என்று அவர்களும் கேட்பார்கள், நானும் செய்வேன். அதில் எத்தனை மனு பாதி வழியில் நின்றதோ தெரியவில்லை. இன்றையிலிருந்து அப்படி அடிப்பதில்லை.

தபால் பிரிவில் மூன்றையும் வாங்கிக்கொண்டார்கள். "வெச்சிட்டுப் போங்கம்மா" என்றார் அங்கிருந்தவர். நகலில் சீல் வேண்டும் என்றேன். சீல் எங்கேயோ இருக்கிறது என்றார். தேடுங்க, நான் இருக்கிறேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். முக்கால் மணி நேரம். கடைசியில் மேசையின் இழுப்பறையிலேயே இருந்தது. தேதியும் சுருக்கொப்பமும் போட்டுக் கொடுத்தார்.

சீல் மட்டும் போதாது. இரண்டு நாள் கழித்துப் போய் ந.க. எண் கேளுங்கள். நடப்புக் கடித எண். அது போட்டால்தான் உங்கள் தாள் கோப்பாகிறது. அதுவரைக்கும் அது வெறும் தாள்.

3,000 ரூபாயையும் கட்டிவிட்டேன். எனக்கு மனசே இல்லை. ஆனால் கட்டிவிட்டு முறையிட்டால்தான் எடுப்போம் என்று வருவாய்ப் பிரிவில் சொன்னார்கள். ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன் என்று மனுவில் ஒரு வரி சேர்த்து, ரசீது எண்ணையும் எழுதினேன்.

4 ஜூலை 2025

நேற்று கொடுத்த சீராய்வு மனுவில் ஒரு தப்பு. 1920ம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் கீழ் என்று போட்டிருந்தேன். கடையில் கிடந்த பழைய மாதிரியைப் பார்த்து அடித்தது. இப்போது நடப்பில் இருப்பது 1998ம் ஆண்டு தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதற்கான 2023 விதிகளும். 2023 ஏப்ரல் 13 முதல் அமல். மதுரை மாநகராட்சி 1971 முதல் தனக்கென்று தனிச் சட்டம் வைத்திருந்தது, அதுவும் இதற்குள் வந்துவிட்டது. இன்று போய்த் திருத்தக் கடிதம் கொடுத்து, அதற்கும் சீல் வாங்கினேன். பழைய மாதிரி வைத்திருக்கும் டைப்பிங் கடைக்காரர்கள் கவனியுங்கள்.

5 ஜூலை 2025

இன்னொன்று விட்டுப்போனது. வரி ரசீதில் அம்மா பெயர். முறையிடுகிறவள் நான். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, தம்பியின் சம்மதக் கடிதம் மூன்றும் கேட்டார்கள். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் இன்றுதான் பதிந்தேன். வீட்டுப் பெரியவர் போனால் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள், பிற்பாடு ஒவ்வொரு வாசலிலும் அது வந்து மறிக்கிறது.

22 ஜூலை 2025

உங்களுடன் ஸ்டாலின் முகாமில் கொடுக்கலாமா என்று கேட்டவருக்கு. கொடுக்கலாம். நகரப் பகுதி முகாமில் 13 துறைகளின் 43 சேவைகள். பதிவு எண் தருகிறார்கள், 45 நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும். குழாய்ப் புகாரை மட்டும் அங்கே ஒரு தடவை பதிந்தேன், அலுவலகத்தில் கொடுத்த ந.க. எண்ணையும் சேர்த்து. திங்கள்கிழமை மதுரை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போனாலும் சரிதான். எங்கே கொடுத்தாலும் கடைசியில் மனு வந்து சேருவது அதே பொறியியல் பிரிவுக்குத்தான், கையில் இன்னொரு எண் இருக்கும் என்பதுதான் லாபம்.

இன்னொருவர், ஆளைப் பிடித்தால் ஒரே நாளில் வரியைக் குறைத்துத் தருவார்கள், ஏன் அலைகிறாய் என்று எழுதியிருக்கிறார். வேண்டாம் ஐயா. மதுரை மாநகராட்சியில் சொத்து வரியைக் குறைத்துப் பதிந்ததாகக் கிளம்பிய விவகாரம் இந்த வருடம் போலீஸ் விசாரணை, கைது என்று போய்க்கொண்டிருப்பதைப் பேப்பரில் படிக்கிறோம். கோப்பு இல்லாமல் கம்ப்யூட்டரில் மட்டும் மாறிய எண் யாருக்கும் நிற்காது. எனக்குக் குறைகிறதோ இல்லையோ, என்ன காரணம் என்று தாளில் இருக்க வேண்டும்.

9 ஆகஸ்ட் 2025, சனி

தோண்டினார்கள்!

காலை ஏழு மணிக்கு பிட்டர் அண்ணனும் இன்னொருவரும் கடப்பாரையோடு வந்தார்கள். வாறுகாலை ஒட்டிப் பேவர் கல் எட்டைப் பெயர்த்தார்கள். கீழே எம்சாண்ட், அதற்கும் கீழே செம்மண். இரண்டடி ஆழத்தில் எங்கள் குழாய். அரை இஞ்ச் ஜிஐ பைப், தாத்தா காலத்தில் போட்டது.

ஜேசிபி பல் பட்ட இடம் அப்படியே தெரிந்தது. ஒரு சாண் நீளத்துக்குக் கரும்புச் சக்கை மாதிரி நசுங்கிக் கிடந்தது. அதில் வேடிக்கை என்னவென்றால் அதன் மேல் சைக்கிள் டியூப் சுற்றிக் கம்பி போட்டுக் கட்டியிருந்தது. அப்படியானால் அன்றைக்கே யாரோ பார்த்திருக்கிறார்கள். நசுங்கியது தெரிந்து, கசியாமல் கட்டிவிட்டு, மூடிப் போய்விட்டார்கள். இரண்டேகால் வருடம்.

பிட்டர் அண்ணன் அந்தத் துண்டை அறுத்து எடுத்தார். மெயின் குழாயில் எங்கள் இணைப்பு தொடங்கும் இடத்தில் இருந்த பித்தளை பெரூலையும் கழற்றினார். வாயில் வைத்து ஊதினார், போகவில்லை. சைக்கிள் கம்பியை விட்டுக் குடைந்தார். மல்லிவிதை அளவில் நாலைந்து கல் உள்ளங்கையில் விழுந்தது. அதை என்னிடம் நீட்டி, "இந்தாங்க, மூவாயிரம் ரூவா" என்றார். எதிர்வீட்டு அத்தை சிரித்த சிரிப்பு தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும்.

நீலக் கலர் பிளாஸ்டிக் குழாய் போட்டு மூடினார்கள். நசுங்கிய துண்டை நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். போட்டோவும் எடுத்தேன். பொறியியல் பிரிவில் இருந்து வந்தவரிடம், அடைப்பு இருந்தது, இன்று சரிசெய்யப்பட்டது என்று பணிப் பதிவேட்டில் எழுதச் சொன்னேன். எழுதிக் கையெழுத்துப் போட்டார். நல்ல மனிதர்.

11 ஆகஸ்ட் 2025

இன்று விடியற்காலை 4.40க்கு வந்தது. முதலில் காற்று, அப்புறம் செந்தண்ணி, ஐந்து நிமிடம் கழித்துத் தெளிந்தது. அம்மாவின் எவர்சில்வர் குடத்தைக் கொண்டுபோய் வைத்தேன். அந்தக் குழியில் இப்போதுதான் முதன்முறையாக நான் இறங்கி ஏறுகிறேன். முழங்கால் வலிக்கிறது.

12 ஆகஸ்ட் 2025

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதில் ஆரம்பித்து இங்கே பேச்சு எங்கோ போய்விட்டது. சரி, நானும் கொஞ்சம் போகிறேன்.

மதுரை நகருக்கு வைகை அணைதான் நெடுங்காலம் ஆதாரம். 1959ல் கட்டியது, தண்ணீர் தேக்கும் அளவு 71 அடி. அங்கிருந்து பண்ணைப்பட்டி சுத்திகரிப்பு நிலையம் வழியாக நகருக்கு வரும். அது போதாமல்தான் தேனி மாவட்டம் லோயர் கேம்ப்பிலிருந்து முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் திட்டம் போட்டார்கள், நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் கணக்கு. 2011ல் 72 வார்டாக இருந்த மாநகராட்சி 100 ஆனபோது ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம், திருநகர், விளாங்குடி எல்லாம் உள்ளே வந்தன. அவ்வளவு பரப்புக்கும் குழாய் இழுத்தாக வேண்டும்.

அணை, சுத்திகரிப்பு நிலையம், இத்தனை மைல் குழாய் எல்லாவற்றையும் தாண்டி வந்த தண்ணீர் எங்கள் வாசலுக்கு இரண்டடி முன்னால் நாலு கல்லில் நின்றது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. பெரிய வேலை நடக்கிறது. கடைசி இரண்டடிக்கு ஆள் இல்லை.

2 செப்டம்பர் 2025

கட்டண மனுவுக்குப் பதில் வந்தது. ஒரு பத்தி. இணைப்பு நடப்பில் இருந்த காலம் முழுவதற்கும் கட்டணம் உண்டு, புகார் எழுத்துமூலம் பெறப்பட்ட 03.07.2025க்கு முன் குறைபாடு இருந்ததற்கு அலுவலகத்தில் ஆதாரம் இல்லை, எனவே கோரிக்கையை ஏற்க இயலவில்லை.

ஆதாரம் இல்லை! நசுங்கிய குழாய் என் கடை மேசை மேல் கிடக்கிறது.

3 செப்டம்பர் 2025

நேற்று ஆத்திரத்தில் நிறுத்திவிட்டேன். இன்று யோசிக்கிறேன்.

அவர்கள் கேட்பதில் ஒரு முறை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். குழாய் நசுங்கியது உண்மை. என்றைக்கு நசுங்கியது என்பதற்கு என் வாய்ச்சொல் தவிர என்ன இருக்கிறது? அம்மா பிட்டரிடம் சொன்னார், கவுன்சிலரிடம் சொன்னார், எல்லாம் வாய்வழி. மனு அடித்துக் கொடுப்பதே தொழிலாக இருக்கிற மகள் பக்கத்திலேயே இருந்தும் ஒரு வரி எழுதிக் கொடுக்கவில்லை. அம்மா கேட்கவில்லை என்று சொல்லலாம். கேட்டிருக்க வேண்டியது நான்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இன்று ஒன்று போட்டிருக்கிறேன். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி. ஏன், எதற்கு என்று கேட்டால் பதில் வராது, தாள் கேட்டால்தான் வரும் என்பது கடையில் கற்றது. அதனால் மூன்று தாள் கேட்டிருக்கிறேன். ஒன்று, எங்கள் வரிவிதிப்பு எண்ணுக்கான 2022 அளவுத் தாள். இரண்டு, எங்கள் தெருவில் வாறுகால் வேலை நடந்த தேதிகளும் அதற்கான அளவுப் புத்தகப் (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) பக்கங்களும். மூன்று, எங்கள் வார்டு மேல்நிலைத் தொட்டியில் வைத்திருக்கும் புகார் நோட்டு, 2023 ஏப்ரல் முதல் 2025 ஜூன் வரை.

மூன்றாவதைக் கேட்கச் சொன்னது பிட்டர் அண்ணன். அப்படி ஒரு நோட்டு இருப்பதே எனக்குத் தெரியாது.

6 அக்டோபர் 2025

தகவல் மனுவுக்கு 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். முப்பதாவது நாள் தபால் வந்தது. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 31 பக்கத்துக்கு 62 ரூபாய் கட்டச் சொல்லி. இன்று கட்டிவிட்டு வாங்கி வந்தேன்.

புகார் நோட்டின் நகலைக் கடையில் வைத்துப் புரட்டினேன். கோடு போட்ட நோட்டு, வெவ்வேறு கையெழுத்து. தொட்டி வழிகிறது, தெருக்குழாய் உடைந்தது, வால்வு திறக்கவில்லை. பதினெட்டாம் பக்கத்தில் என் கை நின்றுவிட்டது.

அம்மா கையெழுத்து. 31.01.2024. "ஐயா என் வீட்டுக் குழாயில் பத்து மாதமாக தண்ணி வரவில்லை. வாருகால் வெட்டியதில் இருந்து. வந்து பார்க்கவும்." கீழே வீட்டு எண். கையெழுத்தில் கடைசி எழுத்தை எப்போதும் போல நீட்டி இழுத்திருக்கிறார்.

ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தொட்டி எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். யாரிடமும் சொல்லாமல் நடந்து போய் எழுதிவிட்டு வந்திருக்கிறார். என்னிடம் கூடச் சொல்லவில்லை.

இன்று இதற்கு மேல் எழுத முடியவில்லை.

7 அக்டோபர் 2025

அந்தப் பக்கத்தின் நகலை இணைத்து, ஆணையாளருக்கு மறுபரிசீலனை மனு கொடுத்துவிட்டேன். சான்றொப்பமிட்ட நகல்தான் வேண்டும், செல்போன் போட்டோ எடுபடாது. சீல் வாங்கியாயிற்று. இன்று சீல் தேட வேண்டியிருக்கவில்லை, என்னைப் பார்த்ததுமே எடுத்து வைத்தார்.

2022 அளவுத் தாளும் வந்திருக்கிறது. "பின்புறம் கூரை 18 x 8" என்று தனி வரியாக எழுதி, கூட்டலில் சேர்த்திருக்கிறார்கள். கணக்குத் தப்பு இல்லை, அந்தக் கூரையைக் கட்டடம் என்று வைத்ததுதான் தப்பு.

கையோடு ஒன்று: அக்டோபர் 31க்குள் இரண்டாம் அரையாண்டு வரியைக் கட்டுங்கள், 5 சதவீதம் ஊக்கத்தொகை கழியும், உச்சம் 5,000 ரூபாய். முறையீடு நடக்கிறது என்பதற்காக நானும் அதை விடவில்லை.

4 நவம்பர் 2025

மறு அளவை. வருவாய் ஆய்வாளர் நேரில் வந்தார், நடுத்தர வயதுப் பெண். கொல்லை வரைக்கும் வந்து, கொய்யா மரத்துக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து டேப்பைத் தானே பிடித்தார். நான்கு பக்கமும் சுற்றி வந்தார். ஆட்டுப் புழுக்கை இன்னும் மூலையில் காய்ந்து கிடக்கிறது. "இது வரைக்கும் யாரும் உள்ளே வந்து பாக்கலையாம்மா?" என்று கேட்டார். அளவுத் தாளில், பக்கச் சுவர் இல்லை, தளம் மண் தரை, கால்நடைக் கொட்டகை என்று எழுதி, என்னிடம் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கினார்.

மோர் கொடுத்தேன். குடித்தார்.

13 நவம்பர் 2025

இரண்டு முடிவும் ஒரே வாரத்தில்.

வரி: வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு முன்னால் கூப்பிட்டார்கள். நான் என்னென்னவோ தயார் செய்து போனேன். ஆய்வாளரின் அளவுத் தாளைப் பார்த்தார்கள், இரண்டு கேள்வி, முடிந்தது. பரப்பளவு 1,120 என்று திருத்தம், 50 சதவீத அடுக்கு. ஆனால் 2025-26 இரண்டாம் அரையாண்டிலிருந்துதான். அதற்கு முந்தைய ஏழு அரையாண்டுக்குத் திருப்பம் இல்லை, 2022ல் அறிவிப்பு வந்தபோதே ஆட்சேபித்திருக்க வேண்டும் என்றார்கள். ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் போனது போனதுதான்.

குடிநீர்: அம்மா எழுதிய தேதியை ஏற்றுக்கொண்டார்கள். 2024 பிப்ரவரி முதல் 2025 ஜூலை வரை 18 மாதம், 1,800 ரூபாய். ரொக்கமாகத் தர மாட்டார்கள், வரும் மாதங்களில் சரிக்கட்டிக்கொள்வார்கள். 2023 ஏப்ரலிலிருந்து அம்மா நோட்டில் எழுதிய நாள் வரைக்கும் உள்ள பத்து மாதம், 1,000 ரூபாய், தள்ளுபடி இல்லை.

14 நவம்பர் 2025

மேலே போகலாமே, மதுரையில் கோர்ட்டுக்குப் போகலாமே என்கிறார்கள். அந்தப் பத்து மாதத்துக்கும் அம்மா எழுதியதிலேயே சான்று இருக்கிறது, "பத்து மாதமாக" என்று அவரே எழுதியிருக்கிறாரே என்று ஒருவர் சுட்டியிருக்கிறார். சரியான பாயிண்டு. நேற்று எனக்குத் தோன்றவே இல்லை. வாறுகால் வேலையின் அளவுப் புத்தகத்தில் தேதி 2023 ஏப்ரல் என்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் பேசுகிறது. இன்னொரு மனு போடுகிறேன், கோர்ட்டுக்கு இல்லை, அதே ஆணையாளருக்கு. கிடைத்தால் சரி.

கவுன்சிலரைத் திட்டி எழுதியவர்களுக்கு: என் சண்டை ஆளோடு இல்லை. பிட்டர் அண்ணனும் அந்த ஆய்வாளரும் இல்லை என்றால் இதில் எதுவும் நகர்ந்திருக்காது, அவர்களும் அதே அலுவலகம்தான். சொன்னதை எழுதி வைக்காத பழக்கம் அந்தப் பக்கமும் இருந்தது, எங்கள் பக்கமும் இருந்தது.

30 நவம்பர் 2025

எதிர்வீட்டு அத்தைக்கும் பில் வந்திருக்கிறது. அவர் வீட்டில் தண்ணீர் வருகிறது, ஆனால் மூன்று மாதமாகச் சாக்கடை வாடை. மனு அடிக்க உட்கார்ந்தோம். வாடை, பில், மருமகள் பேசாதது, கண் ஆபரேஷன், எல்லாவற்றையும் சேர்க்கச் சொன்னார். வாடையை ஒரு தாளிலும் பில்லை இன்னொரு தாளிலும் அடித்தேன். மற்றதை டீ குடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டேன்.

நேற்று சாயங்காலம் அவரைக் கூட்டிக்கொண்டு தொட்டிக்கும் நடந்தே போனோம். நோட்டு மாறியிருக்கிறது, புதுசு, முதல் நாலு பக்கம்தான் நிரம்பியிருந்தது. விவரத்தை நான் எழுதினேன். "தேதி போட்டியாத்தா?" என்று கேட்டுவிட்டு, பேனாவை வாங்கி அவரே கையெழுத்துப் போட்டார். 29.11.2025.